ஓ என்ற ஓர் எழுத்து

எழுத்துக்கு உருவம் உண்டு, ஓசை உண்டு. பொருள் என்பது சொல்லுக்குத்தான் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல பாடந்தான், பரீட்சைக்குப் போதும். ஆனால் தமிழ் படிப்பவர்கள் அந்தப் பாடத்தோடு நின்றுவிட முடியாது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதன் பேரில், பவணந்தி முனிவர் நன்னூல் எழுதினார். அதில் ஓர் எழுத்தே ஒரு சொல்லாக நிற்கும் இடங்களை எண்ணிப் பார்த்து நாற்பத்திரண்டு என்று கணக்குச் சொல்லியிருக்கிறார். நாற்பது நெட்டெழுத்து, 'நொ', 'து' என்று இரண்டு குற்றெழுத்து. ஆ என்றால் பசு, ஈ என்றால் பறக்கிற ஈயும் ஆகும், கொடு என்ற பொருளும் ஆகும். ஏ என்றால் அம்பு. கா என்றால் சோலை. கோ என்றால் அரசன். இப்படியே போகிறது ஜாபிதா.

அந்த நாற்பத்திரண்டில் எனக்கு நெடுநாளாக ஓர் எழுத்தின் மேல் கண். அதுதான் 'ஓ'.

மற்ற எழுத்துக்களின் பொருள் சுலபமாக நினைவில் நிற்கும். 'ஓ'வுக்கு உரைகாரர்கள் சொல்லும் பொருள் சற்று விசித்திரமானது: மதகில் தண்ணீரைத் தாங்கி நிற்கும் பலகை. பசுவுக்கும் அரசனுக்கும் ஓரெழுத்தில் பெயர் வைத்தது நியாயம். ஒரு பலகைக்கு எதற்காக ஒரு தனி எழுத்து? ஏரியை நம்பி வாழ்ந்த ஜனங்களைக் கேட்டால் சொல்வார்கள். ஊரின் ஒரு வருஷத்துச் சோறு அந்தப் பலகைக்குப் பின்னால் நிற்கிறது. அது இருக்கவேண்டிய நேரத்தில் இருந்து, தூக்கவேண்டிய நேரத்தில் தூக்கப்பட்டால் ஊர் பிழைக்கும். நேரம் தவறினால், மேலே இருப்பவனுக்குப் பயிர் போகும்; கீழே இருப்பவனுக்கு வீடு போகும்.

கீழே இருப்பவன் யார் என்று பார்க்க விரும்புகிறவர்கள் முகத்துவாரக்குப்பத்துக்குப் போகலாம். சென்னைக்கு வடக்கே, ராயபுரம், திருவொற்றியூர் எல்லாம் தாண்டி, கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலோடு சேரும் இடத்தில் இருக்கிறது அந்த மீனவர் குப்பம். ஊரின் பெயரே அதன் விலாசம். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், வடக்கே பார்த்தால் காமராஜர் துறைமுகம், திரும்பிய திக்கிலெல்லாம் புகைபோக்கிகள். இந்த ஆற்றின் குறுக்கேதான் மேலே பூண்டியில் 1944-ல் அணை கட்டினார்கள். சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கும் நீர்த்தேக்கம். அங்கே மதகு திறந்தால் தண்ணீர் வந்து சேர்கிற இடம் இது. பூண்டியிலே 'ஓ'வைத் தூக்கினால் முகத்துவாரத்திலே 'ஓ' என்ற கூச்சல் எழும் என்று சொன்னால் வார்த்தை விளையாட்டுப்போல் இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெயையும் அடித்துக்கொண்டு வந்து இந்தக் கழிமுகத்தில் கொட்டியது. படகும் வலையும் கருப்பாகிப் போன அந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு விளையாட்டாகத் தோன்றாது.

அந்தக் கரையிலே ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அக்கரையில் நின்ற படகுக்காரன் ஒருவனை அவர் கூப்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு, "ஓஓஓ!" என்று ஒரே நீளமாக ஓர் ஓசை. அக்கரையிலிருந்தும் அதே ஓசை திரும்பி வந்தது.

"பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாதா, ஐயா?" என்று கேட்டேன்.

"பேரெல்லாம் காத்து பிடுங்கிக்கும் சார். 'ஓ' ஒண்ணுதான் போய்ச் சேரும்" என்றார் அவர்.

ஒலிநூல் படித்தவர்கள் சொல்வதும் அதுதான். க, ச, த, ப போன்ற மெய்யெழுத்துக்களின் ஓசை மெலிந்தது. காற்றிலும் அலை இரைச்சலிலும் கரைந்துபோகும். நீட்டி ஒலிக்கிற உயிரெழுத்து மட்டும் தூரம் போகும். அதனால்தான் படகு தள்ளுகிறவர்களின் 'ஏலேலோ'வும், தொட்டில் ஆட்டுகிறவளின் 'ஆராரோ'வும் ஓகாரத்திலே போய் முடிகின்றனவோ என்னவோ! ஓலம், ஓசை, ஓதம், ஓடம் என்று நீரோடும் சத்தத்தோடும் உறவுள்ள பல சொற்கள் இந்த எழுத்திலே தொடங்குகின்றன. ஓதம் என்றால் கடலின் ஏற்றம். முகத்துவாரத்துக்காரர்களுக்கு அது தினசரி சமாசாரம்.

இனி இலக்கணக்காரர்களிடம் போவோம். ஒரு சொல்லின் கடைசியில் 'ஓ' வந்து ஒட்டிக்கொண்டால் என்னென்ன பொருள் தரும் என்று தொல்காப்பியர் ஆராய்ந்தார். ஆறு என்றார். "எல்லாரும் வந்தார்கள், அவனோ வரவில்லை" என்னும்போது ஒருவனைக் கூட்டத்திலிருந்து பிரிக்கிறது. "மீன் கிடைத்ததோ?" என்றால் கேள்வி. "நானோ திருடினேன்?" என்றால், திருடவில்லை என்று மறுப்பு. "படிக்கவோ போனான்!" என்றால் சொல்லாமல் விட்டது மிச்சம் இருக்கிறது, அவன் போன காரியம் வேறு என்று கேட்பவர் புரிந்துகொள்ள வேண்டும். "ஆறோ அன்று, கடலோ அன்று" என்றால் இன்னதென்று தெரிய ஆராய்கிறது. "ஓ, என்ன அலை!" என்றால் சிறப்பு. பின்னால் வந்த பவணந்தியார் இன்னும் இரண்டு சேர்த்து எட்டாக்கினார். ஒன்று, வெறும் அசையாக நிற்பது. மற்றொன்று கழிவு, அதாவது நடந்து முடிந்ததை எண்ணி இரங்குவது. இத்தனை நூற்றாண்டு கழித்து இலக்கணப் புத்தகத்தில் ஒரு துக்கம் புதிதாகப் பதிவாகியிருக்கிறது!

இவ்வளவு வேலை செய்த எழுத்துக்குத் தனக்கென்று ஒரு நிச்சயமான உருவம் நெடுங்காலம் வாய்க்கவில்லை. ஒகரக் குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும், புள்ளி இல்லாவிட்டால் நெடில் என்பது பழைய விதி. விதி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆகவே எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். குறிலும் நெடிலும் ஒரே உருவமாயின. 'கோலை' என்பதும் 'கொலை' என்பதும் ஓலையில் ஒன்றுபோலவே இருக்கும். அரசன் ஏந்தியது எது, செய்தது எது என்பதை வாசிக்கிறவன் இடம் பார்த்துத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்து தமிழ் படித்த பெஸ்கிப் பாதிரியார், நம்முடைய வீரமாமுனிவர் (1680–1747), இந்தச் சங்கடத்தைத் தீர்த்தார். நெடிலுக்குக் கீழே ஒரு சுழி போட்டு 'ஓ' என்றாக்கினார். உயிர்மெய்யிலும் கொம்பைச் சுழித்து வேறுபடுத்தினார். இன்று ஒன்றாம் வகுப்புக் குழந்தை பலகையில் சுழிக்கிற அந்தச் சுழி, தமிழைப் பிற நாட்டிலிருந்து வந்து கற்றவர் ஒருவர் பட்ட சிரமத்தின் பலன்.

மேல்நாட்டு 'ஓ' வந்த வழி வேறு. மூவாயிரம் வருஷங்களுக்கு முன்னால் பினீஷியர்கள் என்ற கடல் வியாபாரிகள் ஒரு வட்டம் போட்டு அதற்கு 'அயின்' என்று பெயர் வைத்தார்கள். அயின் என்றால் கண். அது தொண்டையில் எழும் ஒரு மெய்யெழுத்து. கிரேக்கர்களுக்கு அந்த ஓசை தங்கள் மொழியில் தேவைப்படவில்லை; உருவத்தை மட்டும் வாங்கிக்கொண்டு 'ஒ' என்ற உயிரை அதில் குடி வைத்தார்கள். கண், வாயாக மாறிவிட்டது! அராபியர்கள் மட்டும் பழைய ஓசையை விடவில்லை. அவர்களுடைய நெடுங்கணக்கில் 'ஐன்' என்ற எழுத்து இன்றும் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குக் கண் என்றும் பொருள், நீரூற்று என்றும் பொருள்.

அந்த வட்டம் போகிற தேசந்தோறும் புதுப்புது உத்தியோகம் பார்த்திருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் மயிலாப்பூரிலும் பழவேற்காட்டிலும் வந்து இறங்கிய போர்த்துக்கீசியர்கள் சாவி, ஜன்னல், மேஜை, அலமாரி என்று பல சொற்களை நமக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பாஷையில் 'ஓ' என்றால் ஆண்பாற் பெயருக்கு முன்னால் வந்து 'இன்னது' என்று சுட்டிக் காட்டும் சிறு சொல். துருக்கியர்களுக்கு 'ஓ' என்றால் அவன். அவள் என்றாலும் 'ஓ'. அது என்றாலும் 'ஓ'. திணையும் பாலும் பார்த்துப் பார்த்துப் பேசுகிற நமக்கு இது கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும். ஜப்பானியர்கள் ஒரு சொல்லுக்கு முன்னால் 'ஓ' சேர்த்தால் அது மரியாதை. 'சா' என்றால் தேநீர். 'ஓசா' என்றால் மரியாதைக்குரிய தேநீர். அயர்லாந்தில் 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். ஓ'கானர் என்பவர் கானரின் வம்சத்தார்.

பெயருக்கு முன்னால் எழுத்துப் போடுவதில் நாம் மட்டும் இளைத்தவர்களா? சென்னை ராஜ்யத்தின் முதல்மந்திரியாக 1947 முதல் 1949 வரை இருந்த ஓ. பி. ராமசாமி ரெட்டியாரின் 'ஓ', ஓமந்தூர் என்ற கிராமம். பிற்காலத்து முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வத்தின் 'ஓ', தகப்பனாரின் பெயர். அயர்லாந்துக்காரன் பாட்டனைச் சுமக்கிறான். தமிழன் அதே எழுத்தில் ஊரையும் சுமப்பான், அப்பாவையும் சுமப்பான்.

இலங்கைத் தமிழரிடம் போனால் இந்த எழுத்து இன்னும் இனிமையாகிறது. "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் "ஓம்" என்பார்கள். முதல் தடவை கேட்கும் சென்னைவாசி, இவர் ஏன் பிரணவ மந்திரம் ஜபிக்கிறார் என்று விழிப்பான். ஆனால் சாந்தோக்ய உபநிஷத்து 'ஓம்' என்பதைச் சம்மதத்தைத் தெரிவிக்கும் சொல் என்றே சொல்லுகிறது. வேதாந்திகள் தியானத்துக்கு எடுத்துப்போன சொல்லை யாழ்ப்பாணத்துச் சமையலறையில் சாதாரணமாகப் புழங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடிய விஷயங்கள். ஓர் எழுத்தின் பொருள் பிசகினால் ஆளே போய்விடக்கூடிய இடங்களும் உண்டு. எண்ணூருக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களைப் பாருங்கள்.

கப்பல்கள் கொடியால் பேசிக்கொள்வதற்கு ஒரு பொது அகராதி வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் 1857-ல் ஒரு புத்தகம் வெளியிட்டது. அதில் பதினெட்டே கொடிகள், எல்லாம் மெய்யெழுத்துக்கள். உயிரெழுத்துக்களைச் சேர்த்தால், கொடிகள் தற்செயலாக ஏதாவதொரு பாஷையில் கெட்ட வார்த்தையாக அமைந்துவிடுமே என்று பயந்தார்களாம்! அந்த நூற்றாண்டின் இறுதியில் புத்தகத்தைத் திருத்தியபோதுதான் உயிரெழுத்துக்களுக்கும் கொடி கிடைத்தது. பிறகு 1965-ல் சர்வதேசக் கடல் அமைப்பு புதிய சங்கேத நூல் ஒன்றை ஏற்றது. 1969 முதல் அது அமலில் இருக்கிறது. அதன்படி, அவசரமான செய்திகளுக்கெல்லாம் ஒற்றை எழுத்து. குறுக்கே சாய்வாகப் பிரிந்து, பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமாக இருக்கும் கொடி 'ஓ'. அது ஏறினால் அர்த்தம்: "ஆள் கடலில் விழுந்துவிட்டான்."

உயிரெழுத்து என்று நம் முன்னோர் எதை நினைத்துப் பெயர் வைத்தார்களோ, இங்கே அது சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

கம்பியில்லாத் தந்தியில் 'ஓ'வுக்கு மூன்று நீண்ட ஒலிகள். 1906-ல் பெர்லினில் கூடிய மகாநாடு ஆபத்துக் குறியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தது: மூன்று குறில், மூன்று நெடில், மூன்று குறில். எஸ்.ஓ.எஸ். என்று நாம் படிப்பது அதைத்தான். எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள் என்பதன் சுருக்கம் அது என்று பலர் விளக்கம் சொல்வார்கள். அந்த விளக்கம் பிற்பாடு ஒட்டவைத்தது. இரைச்சலுக்கு நடுவிலும் தவறாமல் காதில் விழும் என்பதற்காகவே அந்த வரிசையைப் பொறுக்கினார்கள். நடுவில் நீண்டு ஒலிக்கும் அந்த மூன்று நெடிலும், பெரியவர் வாய்க்குக் கைகுவித்து எழுப்பிய ஓகாரமும் ஒரே காரியத்துக்காக ஏற்பட்டவை.

சங்கேத நூலில் மீன்பிடிப் படகுகளுக்கென்றும் எழுத்துக்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். 'ஜி' என்றால் வலையை இழுக்கிறோம். 'இஸட்' என்றால் வலை விடுகிறோம். 'பி' என்றால் வலை எதிலோ சிக்கிக்கொண்டது. 1965-ல் அந்த நூலை ஒன்பது பாஷைகளில் தயாரித்தார்கள். ஜப்பானியம், ருஷ்யம், கிரேக்கம் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. முகத்துவாரத்திலிருந்து புறப்பட்டுப் போகும் ஃபைபர் படகுகளில் நான் பார்த்தவை எதிலும் இந்தக் கொடிகள் இல்லை. கப்பலுக்குத் தெரிந்த எழுத்து படகுக்குத் தெரியாது; படகுக்காரன் போடும் 'ஓ' ஏழு மாடி உயரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற மாலுமிக்குக் கேட்காது. கொடியும் ஊதலும் வானொலியும் ராடாரும் வைத்திருந்தும், 2017 ஜனவரி 28 அன்று இதே எண்ணூருக்கு எதிரே இரண்டு பெரிய கப்பல்கள் மோதிக்கொண்டன. அந்த எண்ணெய் கரையெல்லாம் அப்பியது. கப்பலுக்கும் கப்பலுக்குமே இந்தக் கதி என்றால் கப்பலுக்கும் கட்டுமரத்துக்கும் இடையில் என்ன சொல்வது?

ஆஸ்பத்திரியில் இன்னொரு 'ஓ' இருக்கிறது. வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-ல் மனித ரத்தத்தை மூன்று வகையாகப் பிரித்து ஏ, பி, சி என்று பெயரிட்டார். அந்த 'சி'தான் பிற்பாடு 'ஓ' ஆயிற்று. ஏயும் இல்லை, பியும் இல்லை என்பதற்கான பூச்சியம் அது என்பார்கள். ஜெர்மன் மொழியில் 'இல்லாமல்' என்று பொருள்படும் 'ஓனே'யின் முதலெழுத்து என்றும் சொல்வார்கள். இல்லாமைக்குப் பெயரான அந்த வகைதான் அவசரத்தில் எல்லாருக்கும் கைகொடுக்கிறது. ஆனால் 1952-ல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் அவருடைய சகாக்களும் ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். சாதாரணச் சோதனையில் 'ஓ' என்றே காட்டும் ரத்தம்; ஆனால் 'ஓ' ரத்தத்தை ஏற்றினால் உடம்பு ஏற்காது, உயிருக்கே ஆபத்து. பம்பாய் வகை என்று உலகம் அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. சீட்டில் எழுதியிருக்கும் எழுத்து ஒன்றேதான். அதற்குப் பின்னால் இன்னொரு சோதனை செய்து பார்க்கிற ஒருவர் இருந்தால்தான் ஆள் பிழைப்பான்.

கடைசியாக, நம் ஊர் ஓட்டுச் சாவடியில் வந்து நின்ற 'ஓ'வைச் சொல்ல வேண்டும். 1961-ஆம் வருஷத்துத் தேர்தல் நடத்தை விதிகளில், வாக்குப்பதிவு யந்திரம் வந்ததையொட்டி 1992-ல் 49ஏ முதல் 49எக்ஸ் வரை விதிகளைச் சேர்த்தார்கள். அதில் பதினைந்தாவது 49-ஓ. வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபின் ஒருவர் "நான் யாருக்கும் ஓட்டுப் போடப் போவதில்லை" என்று சொன்னால், அதிகாரி அதைப் பதிவேட்டில் குறித்து, அவரிடம் கையொப்பமோ கைநாட்டோ வாங்க வேண்டும். அவ்வளவுதான் விதி. வரிசைக் கிரமத்தில் தற்செயலாக வந்து விழுந்த எழுத்து அது. 2002-ல் வந்த ஒரு சினிமாப் பாட்டு 'ஓ போடு' என்பதை நாடெங்கும் பரப்பியிருந்தது. கைதட்டு, ஆரவாரம் செய் என்று அதற்கு அர்த்தம். எழுத்தாளர் ஞாநி (1954–2018) அந்த இரண்டு சொல்லை எடுத்து 49-ஓவோடு முடிந்துவிட்டார். ஆரவாரத்தின் 'ஓ', மறுப்பின் 'ஓ' ஆயிற்று. தொல்காப்பியர் எதிர்மறைப் பொருளை என்றோ குறித்து வைத்துவிட்டார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

ஆனால் அந்த 'ஓ'வில் ஒரு குறை இருந்தது. ஓட்டு ரகசியமானது, இந்த மறுப்பு மட்டும் நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டியது. சாவடியில் கட்சி முகவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சின்னக் குப்பத்தில், யார் சொன்னார், யார் சொல்லவில்லை என்று மாலைக்குள் தெரிந்துவிடும். 2013 செப்டம்பர் 27 அன்று சுப்ரீம் கோர்ட்டு, மறுப்பவருக்கும் ரகசியம் உண்டு என்று தீர்ப்பளித்தது. யந்திரத்திலேயே 'மேற்கண்ட யாருமில்லை' என்று ஒரு பொத்தான் வந்தது. இப்பொழுது ரகசியமாக மறுக்கலாம். மறுப்பையும் எண்ணிச் சொல்கிறார்கள். ஆனால் சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் நடக்கும் தேர்தல்களில் அந்த எண்ணிக்கை எவ்வளவு உயர்ந்தாலும் முடிவு மாறாது. வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவரே ஜெயித்தவர். எழுத்துப் பதிவாகிறது. பதில் இன்னும் வரவில்லை.

இந்த எழுத்தின் சரித்திரத்தையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. 'ஓ'வுக்கு ஆறு பொருள் என்றும் எட்டுப் பொருள் என்றும் எண்ணிய இலக்கணக்காரர்கள், கேட்பவன் ஒருவன் எதிரே இருக்கிறான் என்பதை வைத்துக்கொண்டுதான் எண்ணினார்கள். சம்மதமா, சந்தேகமா, மறுப்பா, இரக்கமா என்று பிரித்தறிய ஒரு காது வேண்டும். கொடி ஏறினால் கப்பலைத் திருப்ப ஒரு கை வேண்டும். மதகுப் பலகை தூக்கப்படுமுன் கீழே வசிப்பவனுக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத இடத்தில் எழுத்து வெறும் வட்டம்.

முகத்துவாரக்குப்பத்தார் பல வருஷங்களாகக் குரல் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்: ஆற்றில் சாம்பல் வருகிறது என்று, எண்ணெய் வருகிறது என்று, மணல் மூடி வாய் அடைகிறது என்று. குரல் போய்ச் சேரும் தூரத்தில்தான் அலுவலகங்கள் எல்லாம் இருக்கின்றன. தொல்காப்பியரின் ஆறு பொருளில் வினாப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு நாம் கேட்க வேண்டியது இதுதான்: அக்கரையில் கேட்டதோ?